ரப்பர் மரத்துக்கு ஏழு வருஷம், ஃபிரேம்வொர்க்குக்கு எத்தனை? ஒரே கணக்கை மூணு தடவை எழுதின அனுபவம்

குலசேகரம்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி முடிக்கப் போற ஒரு தம்பி போன வாரம் என்கிட்ட, "அண்ணே, எந்த ஃபிரேம்வொர்க் படிச்சா பத்து வருஷம் தாங்கும்?"னு கேட்டான். மென்பொருள் எழுத அடித்தளமா எடுத்துக்கிற ஆயத்தக் கட்டுமானத்தைத்தான் ஃபிரேம்வொர்க்னு சொல்றோம். உடனே பதில் சொல்ல வரல. ரெண்டு நாளா யோசிச்சதை இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

2014-ல எங்க ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் பால் வாங்குற நிலையத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். வேலை எளிமையானதுதான். விடியக்காலை வெட்டு முடிஞ்சு, சிரட்டையில வடிஞ்ச பாலை வாளியில சேர்த்து ஒன்பது மணிக்கு மேல கொண்டு வருவாங்க. பாலை நிறுத்து, கொஞ்சம் எடுத்து டிஆர்சி பார்ப்பாங்க. நூறு கிலோ பாலுல உலர்ந்த ரப்பர் எத்தனை கிலோங்கிறதுதான் அந்த டிஆர்சி. எடை, டிஆர்சி, அன்னைக்கு விலை மூணையும் பெருக்கினா ரூபாய் வந்திரும். அதுக்கு மேல முன்பணம் பிடிக்கிறது, ஒட்டுப்பாலுக்கு (மரத்துலயும் சிரட்டையிலயும் உறைஞ்சு ஒட்டினது) தனி விலை, மாசக் கடைசியில ஒரு சீட்டு.

இந்தக் கணக்கை நான் மூணு தடவை முழுசா எழுதியிருக்கேன்.

முதல் தடவை பைத்தான் 2.7 மொழி, அதுல ஓடுற ஜாங்கோ 1.6 ஃபிரேம்வொர்க், திரையில தெரியுற முன்பக்கத்துக்கு ஆங்குலர்ஜேஎஸ் ஃபிரேம்வொர்க். அந்தச் சமயத்துல அதுதான் புதுசு. பெட்டியில எண்ணைத் தட்டத் தட்ட பக்கத்துல தொகை தானா மாறுறதைப் பார்த்து நிலையத்துக்காரர் அசந்து போனார். எனக்கும் பெருமைதான்.

2016-ல ஆங்குலர் 2 வந்துச்சு. பேர் மட்டும்தான் பழசு. அதுல நான் எழுதின எதுவும் ஓடாது. 2020 ஜனவரி 1-ஓட பைத்தான் 2 முடிஞ்சுது. 2021 டிசம்பர் 31-ஓட ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு ஆதரவும் நின்னுபோச்சு. அதனாலதான் மறுபடி மறுபடி எழுத வேண்டி வந்துச்சு.

அந்த நிலையத்துக்குப் பின்னால ஒரு சின்னத் தோட்டம் இருக்கு. நான் மென்பொருள் போட்ட அதே 2014 மழையிலதான் அங்க ரப்பர் கன்னு வெச்சாங்க. ரப்பர் கன்னு வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும்னு நம்ம ஆளுகளுக்குச் சொல்ல வேண்டாம். 2021-ல அந்த மரங்கள்ல முதல் வெட்டு போட்டாங்க. அந்த வருஷக் கடைசியிலதான் என்னோட ஃபிரேம்வொர்க் செத்துது. மரம் பால் கொடுக்க ஆரம்பிச்ச வருஷம் அந்தப் பாலை எழுதிவைக்கிற கருவிக்கு வயசாயிருச்சு. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது: தோட்டக்காரர் கணக்கு வைக்கிற கால அளவு வேற, நம்ம தொழிலோட கால அளவு வேற. நாம வேலை செய்றது அவர் கால அளவுக்கு.

மூணு தடவையும் மாறாம நின்னது டேட்டாபேஸ் அட்டவணைகள் மட்டும்தான். அந்த அட்டவணைகள்கிட்ட விவரம் கேக்குற மொழி எஸ்க்யூஎல், 2014-ல அதுல எழுதினது இன்னைக்கும் அப்படியே ஓடுது. தம்பிக்கு நான் சொல்ல நினைக்கிறது இதுதான்: ஃபிரேம்வொர்க்கைத் தாராளமா எடுத்துக்க. ஆனா கணக்கை அதுக்குள்ள எழுதிப் புதைச்சு வைக்காதே. கணக்கு தனிக் கோப்புல, எந்த நூலகத்தையும் தொடாம இருக்கணும். என் மூணாவது பதிப்புல மொத்தப் பால் கணக்கும் ஒரே கோப்பு, அறுபது வரிக்குள்ள முடிஞ்சிருச்சு. முதல் பதிப்புல அதே கணக்கு திரையை இயக்குற பதினோரு கண்ட்ரோலர் துண்டுகள்ல சிதறிக் கிடந்தது.

மத்தவங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

டெக்னோபார்க் ரயில் எழுதியது:

அண்ணே, முழுசும் படிச்சேன். காலை ரயில்ல இரணியல் தாண்டினதுல இருந்து எழுதிக்கிட்டு வர்றேன், இடையில நெட்டு போனா மீதி சாயங்காலம்.

பாதி ஒத்துக்கிறேன். மீதிப் பாதியில எனக்கு மாறுபாடு இருக்கு. நீங்க தனி ஆளா எழுதி, தனி ஆளா பார்த்துக்கிறீங்க. நான் இருக்கிற குழுவுல இருபத்தி மூணு பேர். வருஷத்துக்கு நாலஞ்சு பேர் போவாங்க, நாலஞ்சு பேர் வருவாங்க. புதுசா வர்றவனுக்கு நாங்க திரை கட்டப் பயன்படுத்துற ரியாக்ட் தெரியும்னா எங்க கோப்புல எது எங்க இருக்கும்னு ஒரு வாரத்துல பிடிச்சிருவான். ஃபிரேம்வொர்க் இல்லாம ஆளுக்கொரு பாணியில எழுதின ஜேக்வெரிங்கிற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வெச்சு எழுதின ஒரு பழைய திட்டமும் எங்ககிட்ட இருக்கு. ஒரே பொத்தானுக்கு நாலு கோப்புல கிளிக் எழுதியிருக்கு. அதைத் தொட எல்லாருக்கும் பயம்.

ஜேக்வெரி மேல தப்பு சொல்லல. 2006-ல வந்து, ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமா நடந்துக்கிட்ட காலத்துல எல்லாரையும் காப்பாத்தின கருவி அது. நான் சொல்றது ஒழுங்கைப் பத்தி. இருபது பேர் சேர்ந்து எழுதும்போது ஒழுங்கு வெளியில இருந்து வரணும், அதை ஃபிரேம்வொர்க் கொடுக்குது.

ஆங்குலர் மாற்றத்தை நாங்களும் பட்டோம். எங்க குழு ஆங்குலரோட என்ஜிஅப்கிரேடுங்கிற கருவியை வெச்சு பழசையும் புதுசையும் ஒரே பக்கத்துல ஓடவிட்டு, திரை திரையா மாத்தினது. ஒரு வருஷம் மேலேயே ஆச்சு. ஆனா ஒரு நாள்கூட நிறுத்தல. அந்த வழியைக் கொடுத்ததும் ஃபிரேம்வொர்க் ஆளுகதான்னு சொல்லணும். ஓடுறதுக்கு முன்னாலயே பிழையைக் காட்டுற டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கு மாறினதும் அப்பதான். அதுக்கு முன்னால "அன்டிஃபைண்டு" பிழையைத் தேடியே பாதி நாள் போகும்.

குழித்துறை வந்தாச்சு. மீதி அப்புறம்.

குலசேகரம்காரன் எழுதியது:

தம்பி, குழு பெருசானா நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. என் அனுபவத்துல அது கிடையாது, அதனால எழுதல. ஒண்ணு மட்டும் கேக்குறேன்: உங்க இடத்துல விலைக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் ரியாக்ட் காம்பொனென்ட்டுக்குள்ள, அதாவது திரைத் துண்டுக்குள்ள இருக்கா, வெளியில இருக்கா?

டெக்னோபார்க் ரயில் எழுதியது:

உள்ளதான் இருக்கு அண்ணே. 2019-ல ரியாக்ட்ல ஹுக்ஸ்னு புது முறை வந்தப்ப, பழைய கிளாஸ் முறையில இருந்தது எல்லாத்தையும் மாத்தி எழுதினோம். அப்பவும் கணக்கை வெளியில எடுக்கல. நேரம் இல்லைன்னு தள்ளிப் போட்டோம். நீங்க கேட்டதும்தான் எனக்கு அது ஒரு குறையாவே படுது.

தோவாளைப்பூ எழுதியது:

நானும் சேர்ந்துக்கிறேன். தோவாளைச் சந்தையில ஒரு பூக் கமிஷன் கடைக்கு எழுதிக் கொடுத்து இன்னைக்கும் பார்த்துக்கிட்டு வர்றவ. ஃபிரேம்வொர்க்கை விட என்னை அதிகமா அழ வெச்சது தமிழ் எழுத்து. இதை யாரும் வகுப்புல சொல்லித் தரல, அதனால விவரமாவே எழுதுறேன்.

ஒரு விவசாயி வந்து, "எனக்கு வர வேண்டிய பாக்கி குறையுது"ன்னார். பேரைத் தட்டிப் பார்த்தா 1,200 ரூபாய்தான் காட்டுது. அவர் கையில இருந்த சீட்டுகளைக் கூட்டினா 5,500. ராத்திரி முழுக்க உக்காந்து தேடினேன். அவர் பேர்ல ரெண்டு கணக்கு இருந்துது. திரையில ரெண்டும் ஒரே பேர், ஒரு புள்ளி வித்தியாசம்கூடத் தெரியாது.

அவர் பேர் "பொன்" என்று தொடங்கும். கடைக் கணினியில ஒரு விசைப்பலகை, பையன் போன்ல வேற ஒண்ணு. ஒண்ணு "பொ"வை ப, அப்புறம் ஒற்றைக் குறியா ொ என்று சேமிச்சிருக்கு. இன்னொண்ணு ப, அப்புறம் ெ, அப்புறம் ா என்று மூணு துண்டா சேமிச்சிருக்கு. கண்ணுக்கு ஒண்ணு, கணினிக்கு ரெண்டு. ஒப்பிட்டா "சமம் இல்லை"ன்னு சொல்லும். அப்ப பாக்கியும் ரெண்டாப் பிரியும்.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடு தரத்துல இதுக்கு வழி இருக்கு. என்எஃப்சி என்ற இயல்பாக்கம், ெ-யும் ா-வும் தனித்தனியா வந்தா ஒரே ொ-வா மாத்திரும். பைத்தான்ல யூனிகோடுடேட்டா நூலகத்துலயே இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்ல 2015-ல இருந்து நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஒரே வரிதான். சேமிக்கும்போதும் போடணும், தேடும்போதும் போடணும். நான் பார்த்த எந்த ஃபிரேம்வொர்க்கும் என் அட்டவணைக்கு இதைத் தானா செஞ்சு தரல.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அடுத்து "சௌ" வந்துது. நிறையப் பேர் ச, ெ, ள என்று தட்டுறாங்க. திரையில சௌ மாதிரியேதான் இருக்கும். இதை என்எஃப்சி தொடாது, ஏன்னா ள ஒரு தனி எழுத்து. சரி, ெள வந்தா ௌ-னு நானே மாத்திருவோம்னு எழுதினேன். மறுநாள் காலை "வெள்ளி" எல்லாம் உடைஞ்சு போச்சு. வெள்ளை அரளின்னு இருந்த பூப் பேரும் சேர்ந்து போச்சு. அதுலயும் அதே ெ, ள தானே இருக்கு! பூச்சந்தையில வெள்ளை அரளி இல்லாம என்ன கணக்கு எழுத முடியும்? உடனே அதைத் திருப்பி எடுத்துட்டேன். இப்ப தானா எதையும் மாத்துறதில்ல. புதுப் பேர் சேர்க்கும்போது ஏற்கெனவே இதே மாதிரி தெரியுற பேர் இருந்தா ரெண்டையும் பக்கத்துல காட்டி, "இவர்தானா?"ன்னு கேட்கும். முடிவு கடைக்காரர் கையில.

இன்னும் ஒண்ணு. குறுஞ்செய்தி. ஆங்கிலத்துல ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழ்னா 70 தான். அந்த 70-ம் நம்ம எண்ணிக்கை இல்லை. "கிருஷ்ணன்" நமக்கு அஞ்சு எழுத்து, குறுஞ்செய்திக் கணக்குல ஒன்பது, ஏன்னா ஒவ்வொரு குறியையும் புள்ளியையும் அது தனியா எண்ணும். மல்லி, பிச்சி, சம்பங்கின்னு பூ வாரியா விலை எழுதினா மூணு செய்தி ஆயிரும், காசும் மூணு மடங்கு. இதைத் தெரியாம ஒரு மாசம் ஓடவிட்டு, கடைக்காரருக்கு வந்த பில்லைப் பார்த்து எனக்குத் தூக்கம் வரல.

நாஞ்சில்வயல் எழுதியது:

அக்கா, இதைப் படிச்சதும் எங்க கூட்டுறவுக் கணக்குல போய்ப் பார்த்தேன். ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கு, மொத்தம் 14 இடத்துல இருக்கு. நாலு வருஷமா யாருக்கும் தெரியாது. எங்க பழைய தரவு யூனிகோடு இல்லாத பாமினி எழுத்துருவுல இருந்து மாத்தினது, அதனால வந்த குழப்பம்னுதான் இதுவரை நினைச்சிருந்தோம். ரொம்ப நன்றி.

தோவாளைப்பூ எழுதியது:

பாமினியில இருந்து வந்ததுன்னா ஒரு தடவை சௌ, கௌ, மௌ மூணையும் கண்ணால பாருங்க. மாற்றி நிரல்கள் அங்கதான் அதிகம் தவறும். ரெண்டு கணக்கையும் சேர்க்குறதுக்கு முன்னால அச்செடுத்து அந்தந்த ஆளுகிட்டக் காட்டிக் கையெழுத்து வாங்குங்க. பின்னால வம்பு வராது.

குளச்சல்கரை எழுதியது:

நான் கடல் பக்கத்து ஆள். படகுக் கணக்கு, அதாவது டீசல், ஐஸ், ஏலத் தொகை, கடைசியில பங்கு பிரிக்கிறதுக்கு ஒரு போன் செயலி எழுதினேன். முதல் பதிப்புல எல்லாம் சர்வருக்குத்தான் போகும். கரையில நல்லா ஓடும். கொஞ்ச தூரம் கடல்ல போனா சிக்னல் கிடையாது, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். ஒருத்தர் என்கிட்ட, "நீ கரையில இருக்கிறவனுக்கு எழுதியிருக்கே, எனக்கு எழுதல"ன்னு சொன்னார். அவர் சொன்னது உண்மை.

மாத்தி எழுதினேன். எல்லாமே முதல்ல போன்லயே எஸ்க்யூலைட்டுங்கிற சின்ன டேட்டாபேஸ்ல சேமிக்கும், சிக்னல் கிடைக்கும்போது மேல அனுப்பும். எஸ்க்யூலைட் 2000-ல வந்தது. 2050 வரைக்கும் ஆதரவு தருவோம்னு அதை எழுதுறவங்களே அறிவிச்சிருக்காங்க. குலசேகரம் அண்ணன் சொன்ன அந்தத் தம்பியோட பத்து வருஷக் கேள்விக்கு என்கிட்ட இருக்கிற ஒரே உறுதியான பதில் அதுதான்.

ஆனா ஆஃப்லைனுக்கு எழுதுறது லேசு இல்லை. ரெண்டு படகுல ரெண்டு போன், ரெண்டும் தனித்தனியா 118-ம் எண் பில்லு போட்டிருக்கு. கரைக்கு வந்து ரெண்டும் மேல அனுப்பினதுல ஒண்ணு இன்னொண்ணை அழிச்சிருச்சு. அதுக்கு அப்புறம் வரிசை எண்ணை விட்டுட்டு, எந்த ரெண்டு போன்லயும் ஒண்ணா வராத நீள அடையாள எண்ணான யூயூஐடிக்கு மாறினேன். "கடைசியா எழுதினது நிற்கும்"னு ஒரு விதி வெச்சிருந்தேன், அதுவும் சறுக்குச்சு. ஒரு போன்ல தேதியே தப்பு, பேட்டரி செத்து எழும்பினதுல பின்னால போயிருந்துது. போன் கடிகாரத்தை நம்பி எதையும் அழிக்காதீங்க. இப்ப நான் எதையும் அழிக்கிறதே இல்லை, திருத்தம்னா புது வரியாச் சேர்க்கிறேன். ஏலக்காரர் நோட்டுலயும் அப்படித்தானே, அடிச்சுட்டுக் கீழ எழுதுவாங்க.

குலசேகரம்காரன் எழுதியது:

குளச்சல் அண்ணே, தேதின்னு நீங்க சொன்னதும் ஒக்கிப் புயல் ஞாபகம் வந்துது.

2017 நவம்பர் 30. உங்க பக்கத்துல போன உயிர்களுக்கு முன்னால எங்க பக்கத்து நஷ்டத்தைச் சொல்ல வாய் வரல. எங்க பக்கம் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையா சாஞ்சு கிடந்துது. கரண்டு நாள் கணக்குல இல்லை. மழை விட்டதும் நின்ன மரங்கள்ல வெட்டு போட்டு, வீட்டுச் செலவுக்காகக் கொஞ்சம் கொஞ்சமா பால் கொண்டு வந்தாங்க. நிலையத்துல எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சாங்க.

கரண்டு வந்ததும் நோட்டைப் பார்த்து ஏத்தச் சொன்னேன். ஏத்தினாங்க. மாசக் கடைசியில சீட்டு எடுத்தா, அத்தனை நாள் பாலும் ஒரே தேதியில நிக்குது. விலையும் அந்த ஒரு நாள் விலை. ஜாங்கோவுல தேதி நெடுவரிசைக்கு ஆட்டோ நவ் ஆட்னு ஒரு வசதி உண்டு. வரி சேர்ந்த நிமிஷத்தைத் தானா எழுதிக்கும், படிவத்துல திருத்தவும் விடாது. 2014-ல எனக்கு ஒரு வரி மிச்சம்னு அதைப் போட்டிருந்தேன். பால் வந்த தேதி வேற, கணினியில ஏறின தேதி வேறங்கிற எண்ணமே எனக்கு அப்ப இல்லை. வீடு இடிஞ்சு நிக்கிற ஆளுகளுக்கு விலை குறைச்சுக் காட்டின சீட்டு போயிருக்கும். நிலையத்துக்காரர் கவனிச்சதுனால தப்பிச்சோம். நோட்டை வெச்சு நானே ரெண்டு நாள் உக்காந்து திருத்தினேன்.

ஃபிரேம்வொர்க் செஞ்சது தப்பு இல்லை, அது சொன்னதைத்தான் செஞ்சுது. ஆனா இப்படிச் சின்னச் சின்ன வசதிகள் நமக்குப் பதிலா ஒரு முடிவை எடுத்துருது, நாம கேக்காமலேயே. அதைத்தான் கவனிக்கணும்.

படிப்பு முடிக்கப் போறவன் எழுதியது:

அண்ணே, அந்தக் கேள்வி கேட்டவன் நான்தான். இங்க இவ்வளவு பேர் எழுதுவாங்கன்னு நினைக்கல. எல்லாருக்கும் நன்றி.

எங்க வகுப்புல எல்லாரும் ரியாக்ட், நோட்ஜேஎஸ், மோங்கோடிபி படிக்கிறாங்க, நேர்முகத்துல அதைத்தான் கேப்பாங்கன்னு சொல்றாங்க. சில பேர் ஃபிளட்டர். ஏஐகிட்டக் கேட்டா பத்து நிமிஷத்துல முழுச் செயலியே எழுதித் தருது. எனக்குப் பயமா இருக்கு. நான் எதைப் படிச்சாலும் அது முடிஞ்சு போயிரும் போல இருக்கு. அண்ணன் சொன்ன பால் கணக்கை ஏஐகிட்டக் கொடுத்தேன். சரியாத்தான் வருது மாதிரி இருக்கு, கடைசியில ரவுண்டு பண்ணி ரூபாய் கொடுக்குது. இதுல என்ன தப்பு வரும்?

டெக்னோபார்க் ரயில் எழுதியது:

தம்பி, ரியாக்ட் படி. வேலை வேணும், வீட்டுல எதிர்பார்ப்பு இருக்கும், அதைத் தள்ளி வைக்கச் சொல்ல மாட்டேன். நான் நேர்முகம் எடுக்கிறவன், அதனால சொல்றேன்: ரியாக்ட் தெரியும்னு வர்ற பத்துப் பேர்ல, பிரவுசர்ல முகவரி தட்டினதுல இருந்து பக்கம் வர்ற வரைக்கும் என்ன நடக்குதுன்னு சொல்றவங்க ரெண்டு பேர் இருந்தா அதிகம். பிரவுசரும் சர்வரும் பேசிக்கிற எச்டிடிபி, எஸ்க்யூஎல், நிரல்ல செஞ்ச மாற்றங்களைப் பதிவு செஞ்சு வைக்கிற கிட். இந்த மூணையும் ஆழமாப் படி. கிட் 2005-ல வந்தது, இத்தனை வருஷத்துல அதோட அடிப்படைக் கட்டளைகள் அப்படியேதான் இருக்கு.

இன்னொண்ணு, என்பிஎம்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக் களஞ்சியத்துல இருந்து ஒரு தொகுப்பைச் சேர்க்கும்போது அது எத்தனை தொகுப்பை இழுத்துக்கிட்டு வருதுன்னு பாரு. 2016 மார்ச்ல லெஃப்ட்பேட்னு பதினோரு வரித் தொகுப்பை அதை எழுதினவர் நீக்கினார். அதை நம்பியிருந்த மென்பொருள்களைக் கட்டி எடுக்கிற வேலை உலகம் பூரா உடைஞ்சு நின்னுது. எழுத்துக்கு இடதுபக்கம் வெற்றிடம் சேர்க்கிற வேலை, அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் என்பிஎம் நீக்குற விதியையே மாத்துனாங்க. எந்தத் தொகுப்போட எந்தப் பதிப்புன்னு குறிச்சு வைக்கிற லாக் கோப்பை மறக்காம கிட்ல போடு.

குலசேகரம்காரன் எழுதியது:

ரவுண்டுல என்ன தப்பு வரும்னு கேட்டியே தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

2020-ல பைத்தான் 3-க்கு மாத்தினேன். எல்லாம் ஓடுச்சு. ஒரு வாரம் கழிச்சு, வயசான ஒரு அம்மா வந்தாங்க. தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோ பால்தான் கொண்டு வருவாங்க. முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த சின்ன நோட்டை எடுத்து, "மக்களே, ஒரு ரூவா கொறையுதே"ன்னாங்க.

அவங்க கணக்கு: பால் 10 கிலோ, டிஆர்சி 35, விலை 155. உலர்ந்த ரப்பர் மூணரைக் கிலோ. 542 ரூபாய் 50 காசு. இத்தனை வருஷமும் 543 கொடுத்தோம், அன்னைக்கு 542. பைத்தான் 2 சரிபாதி வந்தா மேல ஏத்தும். பைத்தான் 3 சரிபாதி வந்தா பக்கத்துல இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 542.5 வந்தா 542, 543.5 வந்தா 544. புள்ளியியலுக்கு அது நல்ல முறைதான். ஆனா பால் கொண்டு வர்ற அம்மாவுக்கு நாம கொடுத்த வாக்கு அது இல்லை. முன்பக்கத்துல ஜாவாஸ்கிரிப்ட் 543-னு காட்டிக்கிட்டிருந்துது, சர்வர் 542-னு சேமிச்சுது. ஒரே ரூபாய்க்கு ரெண்டு கணக்கு.

அவங்க எழுதப் படிக்க அதிகம் தெரியாதவங்க. நோட்டுல பேத்திதான் எழுதிக் கொடுப்பாளாம். கூட்டல் எல்லாம் மனசுல. என் சோதனை நிரல் எதுவும் பிடிக்காததை அவங்க பிடிச்சாங்க. அந்த ஒரு வாரச் சீட்டு எல்லாத்தையும் எடுத்து, குறைஞ்ச ஆளுகளுக்கெல்லாம் கூப்பிட்டுக் கொடுக்க வெச்சேன். இப்ப கணக்கு முழுக்கக் காசுல, முழு எண்ணா ஓடுது. ஏத்துறதா இறக்குறதாங்கிறதை நானே ஒரு வரியில எழுதியிருக்கேன். கணக்கு சர்வர்ல மட்டும், திரை அதைக் காட்டும் அவ்வளவுதான். அந்த அம்மாவோட பத்துக் கிலோ, 35, 155 என் சோதனைக் கோப்புல முதல் வரியா இருக்கு.

ஏஐ எழுதிக் கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனா சரிபாதி வந்தா யாருக்குச் சேரணும்னு அதுகிட்ட நீ சொல்லியிருக்கணும். அதைத் தெரிஞ்சுக்க நிலையத்துல ஒரு காலை நின்னு பார்க்கணும்.

படிப்பு முடிக்கப் போறவன் எழுதியது:

அண்ணே, 542.5-ஐ இப்பவே ஓட்டிப் பார்த்தேன். அப்படியேதான் வருது. தோவாளை அக்கா சொன்ன "பொன்"னையும் ரெண்டு விதமாத் தட்டி ஒப்பிட்டேன், சமம் இல்லைன்னு சொல்லுச்சு. கையில பார்த்ததும் வேற மாதிரி இருக்கு.

நான் நாகர்கோவில்லதான் இருக்கேன். ஒரு நாள் நிலையத்துக்கு வந்து பார்க்கலாமா?

தோவாளைப்பூ எழுதியது:

தம்பி, எங்க கடைக்கும் வா. ஆனா விடியறதுக்கு முன்னால வரணும், ஏழு மணிக்கு வந்தா பாதி வியாபாரம் முடிஞ்சிருக்கும்.

குலசேகரம்காரன் எழுதியது:

சனிக்கிழமை வா. வடசேரியில இருந்து தக்கலை வழியா பஸ் உண்டு, ஒன்பதுக்குள்ள வந்து சேர்ற மாதிரி ஏறு. பதினொன்னுக்கு மேல பால் வரத்து குறைஞ்சிரும். ராத்திரி மழை பெய்ஞ்சா வெட்டு இருக்காது, அதனால கிளம்புறதுக்கு முன்னால ஒரு செய்தி போடு. லேப்டாப் தூக்கிக்கிட்டு வர வேண்டாம், நோட்டு ஒண்ணு போதும்.